விசுவமடுவில் ஒரு மூன்றடித் தொட்டி: எந்த மீனோடு எந்த மீன்?

பின்னணி

இந்தக் குடும்பம் பரந்தன் – முல்லைத்தீவு வீதியில், விசுவமடுவுக்குக் கிட்ட இருக்கிறது. தகப்பன் வயல் செய்கிறவர். வீட்டில் மனைவி, அம்மம்மா, ஒரே மகன். பெயர் போடாமல் எழுதச் சம்மதித்தார்கள். நான் கிளிநொச்சியில் வீட்டு வளவில் ஆறு சீமெந்துத் தொட்டி வைத்துக் கப்பி, மொலி வளர்த்து விற்கிறேன். ஊரில் யாருடைய மீன் செத்தாலும் கடைசியில் எனக்குத்தான் தொலைபேசி வரும். அப்படி வந்த அழைப்புகளில் இதை மட்டும் முழுதாக எழுதக் காரணம், அந்தப் பிள்ளை முதல் நாளில் இருந்தே கொப்பி எழுதியிருந்தான். என்ன நடந்தது என்று ஊகிக்க வேண்டியிருக்கவில்லை.

ஓகஸ்ட் விடுமுறையில் அவனுக்குப் பத்து வயது நிறைந்தது. பிறந்தநாளுக்கு மீன்தொட்டி வேண்டும் என்று ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தவன். சிறுபோகம் கைகொடுத்ததால் தகப்பன் வெளி மாவட்டத்து ரவுண் ஒன்றுக்குப் போய் மூன்றடி நீளம், பதினைந்து அங்குல அகலம், ஒன்றரை அடி உயரத்தில் கண்ணாடித் தொட்டி ஒன்று வாங்கினார். அடிக்கல்லும் மேல் இடைவெளியும் கழித்தால் 130 லீற்றர் தண்ணீர் பிடிக்கும். அதே கடையில், அதே மத்தியானம், மீனும் வாங்கினார்: நியோன் ரெட்ரா 10, ரைகர் பார்ப் 5, ஏஞ்சல் 3, கொண்டை வைத்த கோல்ட் பிஷ் 2, கண்ணாடியை நக்கிக்கொண்டு திரியும் ராங்க் கிளீனர் 1. மொத்தம் 21.

எல்லாவற்றையும் ஒன்றாக விடலாமா என்று அவர் கேட்டிருக்கிறார். விடலாம், பிரச்சினை இல்லை என்று பதில் வந்திருக்கிறது. கேட்காமல் வாங்கிய மனிதர் இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் பிழை முழுவதும் அவர் தலையில் விழும்.

பின்னேரம் கிணற்றுத் தண்ணீர் இறைத்துத் தொட்டியை நிரப்பி, சொப்பிங் பையோடு கால் மணி நேரம் மிதக்க விட்டு, இருட்டுவதற்குள் 21 மீனையும் உள்ளே விட்டுவிட்டார்கள்.

கொப்பியில் இருந்த ஐந்து நாள்

எண்பது பக்க அப்பியாசக் கொப்பி. அவன் எழுதியிருந்ததைச் சுருக்கித் தருகிறேன்.

முதல் நாள்: எல்லாம் வடிவாக நீந்துகின்றன. இரண்டாம் நாள்: விடிய 3 நியோன் செத்துக் கிடந்தன, மற்றதுகளின் நீலக்கோடு மங்கல். மூன்றாம் நாள்: இன்னொரு நியோன், தண்ணீர் கலங்கல், அப்பா முழுத் தண்ணீரையும் மாற்றினார், பில்டர் பஞ்சைப் பைப்பில் பிடித்து வெள்ளையாகும் வரை கழுவினார். நான்காம் நாள்: இன்னொரு நியோன், ஒரு ஏஞ்சலின் கீழ்ச் செட்டையில் இருந்த நீள நூல் இரண்டும் இல்லை. ஐந்தாம் நாள் எழுதிய வரியை அப்படியே தருகிறேன்: “செத்தது 5. இருக்கிறது 3. 2 எங்கே?”

இறந்ததை மட்டும் எண்ணுகிறவர்கள் நிறையப் பேர். இருப்பதையும் எண்ணியவன் இவன். அந்தக் கேள்விதான் என்னை நேரில் போக வைத்தது.

தகப்பன் தொலைபேசியில், “அக்கா, தண்ணியும் மாத்திப் பாத்திட்டன், சாப்பாடும் கூட்டிப் பாத்திட்டன். என்னண்டு தெரியேல்ல. ஒருக்கா வந்து பாக்கேலுமோ?” என்றார். இனி ஒன்றும் செய்யாமல், சாப்பாடும் போடாமல் விடச் சொல்லிவிட்டு அடுத்த நாள் பஸ் ஏறினேன்.

ஆறாம் நாள், பகலில் பார்த்தது

நான் போனது பின்னேரம் மூன்று மணி. சோளகக் காற்று புழுதியை அள்ளிக்கொண்டிருந்தது. தொட்டி விறாந்தையில், வெயில் நேரே படாத இடத்தில்தான் இருந்தது. அது நல்ல இடம். என்றாலும் தண்ணீர் 31 பாகை.

மீனைப் பார்க்க முதல் குசினிக்குப் போய்க் கேத்திலைத் திறந்து பார்த்தேன். அடியில் தேங்காய்ச் சொட்டு மொத்தத்தில் வெள்ளைப் படிவு. கிணற்றடியில் சவர்க்காரம் நுரைக்கவில்லை. வன்னியில் இருக்கிறவர்களுக்கு இது புதினமில்லை, குடிக்கிற தண்ணீரை வேறாக வாங்கி வைக்கும் வீடுகள் எத்தனையோ. ஆனால் மீன் வாங்கும்போது இந்தக் கேத்தில் யாருக்கும் நினைவில் வருவதில்லை.

துளி விட்டுப் பார்க்கும் சோதனைப் பெட்டி கையில் இருந்தது. பிஎச், அதாவது தண்ணீரின் அமில-கார அளவு, 8.2. வன்மை, அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு போன்ற உப்புகளின் அளவு, 20 பாகையைத் தாண்டியது (இந்தப் பாகை சூட்டுக்கானது இல்லை); கல்சியம் காபனேற்றாகக் கணக்கிட்டால் லீற்றருக்கு 350 மில்லிகிராமுக்கு மேல். அமோனியா லீற்றருக்கு 1 மில்லிகிராம்.

இந்த அமோனியா விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மீனின் கழிவும் மிஞ்சின சாப்பாடும் அமோனியாவாக மாறும். தண்ணீரில் அது இரண்டு வடிவத்தில் இருக்கும், அதில் ஒன்றுதான் செவுளைக் கொல்லும் நஞ்சு. பிஎச் 7, வெப்பம் 25 பாகை என்றால் மொத்த அமோனியாவில் நஞ்சு வடிவம் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. இந்தத் தொட்டியில் இருந்த பிஎச் 8.2, 31 பாகையில் அது நூற்றில் 12 பங்கு. அதே அளவு அழுக்கு, கிட்டத்தட்ட இருபது மடங்கு நஞ்சு. அளவுக்கு மிஞ்சி மீன் விட்ட பிழையை வேறு இடத்துத் தண்ணீர் சில நாள் பொறுக்கும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் பொறுக்காது.

அமோனியாவை நைத்திரைற்றாகவும், அதைப் பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றுகிற பற்றீரியா பில்டர் பஞ்சிலும் அடிக்கல்லிலும்தான் குடியேறும். அது ஊன்ற நாலு முதல் ஆறு கிழமை செல்லும். அந்தத் தொட்டியில் மூன்றாம் நாள் ஏதாவது கொஞ்சம் ஊன்றியிருந்தாலும் பைப்பில் கழுவியதோடு போய்விட்டது. சுத்தமாக வைத்திருக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் செய்த வேலை அது.

சரி, இனி மீன். நியோன் அமேசன் படுகையின் மென்னீர் ஓடைகளைச் சேர்ந்தது. இப்போது கடைக்கு வருவது பெரும்பாலும் பண்ணையில் பிறந்தது, ஓரளவு தாங்கும். அதற்காகக் கால் மணி நேரத்தில் இந்தத் தண்ணீருக்குள் தூக்கிப் போட்டால் தாங்காது. முதல் மூன்று சாவுக்கு வேறு மீனில் குற்றம் தேடத் தேவையில்லை.

காணாமல் போன இரண்டுக்கும் பதில் என் கண் முன்னாலேயே கிடைத்தது. மூன்று ஏஞ்சலில் பெரியது உள்ளங்கை அளவு. அது ஒரு நியோனுக்கு எதிரே வந்து அசையாமல் நின்றது. துரத்தவில்லை, பாயவில்லை. செட்டை மட்டும் மெல்ல அடித்தது. பிறகு வாய் ஒருதரம் திறந்து மூடியது, உதட்டு ஓரத்தில் சிவப்பு வால் ஒரு கணம் தெரிந்தது, அவ்வளவுதான். பையன் என் பக்கத்தில் நின்று பார்த்தான். அழவில்லை. “அது கெட்ட மீனா அன்ரி?” என்று கேட்டான். இல்லையப்பன், அதின்ர வாய்க்குள்ள அடங்கினா அதுக்குச் சாப்பாடு, அவ்வளவுதான் என்றேன். ஏஞ்சல் பிறந்த ஆறுகளில் அந்த அளவு மீன்கள் அதன் இரைதான்.

ஏஞ்சலின் நூலைத் தின்றது ரைகர் பார்ப். சுமாத்திராப் பக்கத்து மீன், ஓயாமல் ஓடித் திரியும், செட்டை கடிக்கும். எட்டுப் பத்துக்கு மேல் கூட்டமாக இருந்தால் அந்தச் சண்டையும் துரத்தலும் தங்களுக்குள்ளேயே அடங்கும். ஐந்து என்றால் வெளியே திரும்பும். ஆறுதலாக நீந்தும், நூல் தொங்கும் ஏஞ்சலும் பெரிய வால் இழுபடும் கோல்ட் பிஷ்ஷும் அதற்குப் பக்கத்தில் இருந்தால் வேறென்ன நடக்கும்?

இரவில் பார்த்தது

புறப்படும் நேரம் அம்மம்மா மெதுவாகச் சொன்னா: “ராத்திரியில அந்தக் கறுப்பன் கோல்ட் பிஷ்ஷில ஒட்டிக்கொண்டு நிக்குது பிள்ளை. எனக்குக் கண் சரியாத் தெரியாது, அதால ஒருத்தருக்கும் சொல்லேல்ல.”

நான் தங்கிவிட்டேன். ஒன்பது மணிக்கு விளக்கெல்லாம் அணைத்து, பத்தரைக்கு ரோச் லைற்றின் மேல் சிவப்புச் சொப்பிங் பையைச் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தோம். அம்மம்மாவுக்குக் கண் நன்றாகத்தான் தெரிந்திருக்கிறது. ராங்க் கிளீனர் கோல்ட் பிஷ்ஷின் விலாவில் வாயை வைத்து ஒட்டிக்கொண்டிருந்தது. கோல்ட் பிஷ் உதறி இரண்டு அடி போகும், திரும்பவும் வந்து ஒட்டும். காலையில் அந்த இடத்தில் ஒரு ரூபாக் குற்றியளவு வழுவழுப்பு இல்லாமல், செதில் கிளம்பி, இரத்தம் கட்டியிருந்தது.

தொட்டி சுத்தம் செய்யும் மீன் என்று சொல்லித்தான் இதை விற்பார்கள். பாசி கொஞ்சம் தின்னும், உண்மை. வேறு மீனின் கழிவைத் தின்று தொட்டியைச் சுத்தமாக்காது. இதுவோ மற்றவற்றைவிடக் கூடக் கழிவு போடுகிற மீன். பாசி இல்லாத புதுத் தொட்டியில் பசிக்கும்போது, அகன்ற உடம்போடு மெதுவாக நீந்தும் மீனின் மேல் தோலை உறிஞ்சப் பழகிவிடும்.

முடிவுகளும் காரணங்களும்

எல்லா மீனையும் காப்பாற்றி ஒரே தொட்டியில் வைப்பதற்கு வழி இல்லை என்று காலையில் அவர்களிடம் நேரே சொன்னேன். கடைக்குத் திருப்பிக் கொடுக்கத் தகப்பன் அழைத்துக் கேட்டார், எடுக்க மாட்டோம் என்றார்கள்.

பிறகு பையனிடம் கேட்டேன்: ஒரே ஒரு வகை மட்டும் வைத்திருக்கலாம் என்றால் எது? உடனே ஏஞ்சல் என்றான். அதுவே எங்கள் முதல் முடிவு. 21 மீனுக்குள் யார் யாரோடு ஒத்துப்போகும் என்று பார்த்தால் முடிவுக்கு வரவே முடியாது. ஒன்றைத் தெரிவு செய்து, அது எங்கள் தண்ணீருக்குச் சரியா என்று பார்த்து, மற்றதை அதற்கு ஏற்றபடி கூட்டலாம் கழிக்கலாம். ஏஞ்சலும் ஆதியில் மென்னீர் மீன்தான். ஆனால் கடைக்கு வருவது தலைமுறை தலைமுறையாகக் குளத்திலும் தொட்டியிலும் பெருக்கியது. வன்னீரில் உடல்நலத்தோடு இருக்கும், 28, 30 பாகைச் சூட்டையும் தாங்கும்.

கோல்ட் பிஷ் இரண்டும் வெளியே. தண்ணீரின் வன்மை அவற்றுக்குச் சிக்கல் இல்லை, சூடும் இடமும்தான் சிக்கல். அவை குளிர் விரும்பிகள், கழிவும் அதிகம், ஒன்றுக்கே அந்தத் தொட்டியில் பாதி வேண்டும். கிணற்றடியில் மாமர நிழலில் பாவிக்காமல் கிடந்த சீமெந்துத் தொட்டியைக் கழுவி, ஆழமாக நிரப்பி, மேலே கிடுகு போட்டு அங்கே விட்டோம். அதே மூன்று மணிக்கு அந்தத் தண்ணீர் 27 பாகை.

ரைகர் பார்ப்புக்கு இரண்டு வழி இருந்தது. இன்னும் ஐந்து வாங்கிக் கூட்டத்தைப் பெரிதாக்கலாம். கடிப்பது குறையலாம், ஆனால் அமோனியா ஏறி நிற்கும் தொட்டியில் மீன் கூட்டுவது பைத்தியக்காரத்தனம். கிளிநொச்சியில் தெரிந்த ஒருவர் ரைகர் பார்ப் மட்டும் ஏழு வைத்திருந்தார். அவரிடம் கொடுத்தோம், பன்னிரண்டாகி இன்றைக்கும் ஓடுகின்றன.

ராங்க் கிளீனரைப் பற்றித்தான் வாக்குவாதம் வந்தது. அங்கே வந்திருந்த மாமா, “பின்னால குளம் கிடக்கு, அதில விட்டாப் போச்சு” என்றார். கோபத்தில் சொல்லவில்லை, பாவம் உயிர் பிழைக்கட்டும் என்றுதான் சொன்னார். நான் விடவில்லை. ஐந்து அங்குலத்தில் இருக்கும் இது ஓரடியைத் தாண்டும். உடம்பு முழுக்க ஓடு, செட்டையில் முள், வலையில் சிக்கினால் வலை கிழியும். கரையில் பொந்து தோண்டி முட்டையிடும். குளக்கட்டை நம்பி வயல் செய்கிற ஊரில் கட்டில் பொந்து போடுகிற மீனைக் கொண்டுபோய் விடலாமா? இலங்கையின் நீர்நிலைகளில் இது ஏற்கெனவே பரவி, ஆக்கிரமிப்பு இனமாகிவிட்டது. அலங்காரத்துக்குக் கொண்டுவந்த கத்தி மீனும் அப்படித்தான். நாங்கள் யப்பான் மீன் என்று சொல்கிற திலாப்பியாகூட 1950களின் தொடக்கத்தில் வெளியில் இருந்து கொண்டுவரப்பட்டதுதான். அது சோறு போட்டது, சரி. இது எதையும் போடாது. ராங்க் கிளீனர் இப்போது என் வளவில் தனித் தொட்டியில், பூசணித் துண்டும் வெள்ளரித் துண்டும் தின்றுகொண்டு பதினொரு அங்குலத்தில் நிற்கிறது.

மிஞ்சிய இரண்டு நியோனில் நான் பிழை விட்டேன். அவற்றுக்கு மென்னீர் வேண்டும் என்று, குடிக்க வாங்கி வைத்திருந்த சுத்திகரித்த தண்ணீரையும் கிணற்றுத் தண்ணீரையும் பாதிக்குப் பாதி கலந்து வாளியில் ஊற்றி நேரே மாற்றினேன். அடுத்த நாள் விடிய இரண்டும் செத்துக் கிடந்தன. நல்ல தண்ணீர் என்றாலும் திடீர் மாற்றம் மாற்றம்தான். கடையில் இருந்து வந்த நாள் அவை பட்டதையே நான் இரண்டாம் முறை செய்தேன். மெல்லிய குழாயில் முடிச்சுப் போட்டுத் துளித்துளியாக மூன்று நாலு மணி நேரம் விட்டிருக்க வேண்டும்.

அடுத்த நாலு கிழமை

தொட்டியில் இப்போது மூன்று ஏஞ்சல் மட்டும். என் தொட்டியில் ஒரு வருடமாக ஓடிய பில்டர் பஞ்சு ஒன்றை ஈரம் காயாமல் கொண்டுபோய் அவர்களின் பில்டருக்குள் வைத்தேன். அடுத்தவர் தொட்டிப் பஞ்சோடு நோயும் வரலாம், எல்லோருக்கும் இதைச் சொல்ல மாட்டேன். என் தொட்டியில் மாதக்கணக்காக நோய் இல்லை என்பதால் துணிந்தேன்.

முழுத் தண்ணீரையும் மாற்றுவதை நிறுத்தினோம். நாள்தோறும் காற்பங்கு மட்டும், ஒரு நாள் முன்னரே வாளியில் பிடித்து வைத்த தண்ணீர். பஞ்சு அடைத்தால் தொட்டியில் இருந்து எடுத்த தண்ணீரில் இரண்டு முறை பிழிவது, அதற்கு மேல் இல்லை. சாப்பாடு ஒரு நாளைக்கு ஒரு நேரம், இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு. அம்மம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. வாய் திறந்து நிற்கிறதுகளே என்று சொல்லிக்கொண்டே இருந்தா.

மூன்றாம் கிழமை முடிவில் அமோனியா இல்லை, நைத்திரைற்று இருந்தது. நாலாம் கிழமை இரண்டும் இல்லை. கடிபட்ட ஏஞ்சலின் நூல் திரும்ப வளரத் தொடங்கியது, நுனி மட்டும் கண்ணாடி மாதிரித் தெளிவாக.

புதுக் கூட்டாளி தேடியது

செப்ரெம்பர் கடைசியில் பையன் கேட்கத் தொடங்கினான்: இனி என்ன விடலாம்? கொப்பியை எடுத்து ஒரு பக்கத்தில் கோடு போட்டோம். மீனின் பெயருக்கு நேரே எந்தத் தண்ணீர், எத்தனை பாகை, வளர்ந்தால் எவ்வளவு, வாய் எவ்வளவு, வால் எப்படி, எத்தனை சேர்ந்து இருக்க வேண்டும், தொட்டியில் எந்த மட்டத்தில் நீந்தும். கடையில் மீன் குஞ்சாகத்தான் இருக்கும், ஆகவே வளர்ந்த அளவைத்தான் எழுத வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன்.

கப்பி அவனுக்கு ஆசை. என்னிடம் இருப்பதே அதுதான், விற்றால் எனக்கும் காசு. ஆனால் ஆண் கப்பி ஒன்றேகால் அங்குலம், விசிறி மாதிரி வால். ஏஞ்சல் முழுதாக வளர்ந்தால் ஆறு அங்குலம். கோடு போட்ட அன்றே அவன் தானே அதை அழித்தான். பைட்டர் என்கிற சண்டை மீன் கேட்டான். அதுவும் ஆறுதலாகப் போகும் நீளச் செட்டை மீன், ஏஞ்சலோடு எப்படி முடியும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. விட்டோம்.

மொலி எல்லாக் கட்டத்திலும் பொருந்தியது. மெக்சிக்கோ, மத்திய அமெரிக்கக் கரையோரங்களில் உவர்நீரில்கூட வாழும் மீன் அது. மென்னீரில் விட்டால்தான் வாடும், எங்கள் கிணற்றுத் தண்ணீர் அதற்குத் தாய்வீடு. மூன்று அங்குலத்துக்கு மேல் வளரும், ஏஞ்சலின் வாய்க்குள் அடங்காது, செட்டை கடிக்காது. ஆண் ஒன்றுக்குக் குறைந்தது இரண்டு பெண் வேண்டும், இல்லாவிட்டால் ஆண்கள் பெண்ணைத் துரத்தியே களைக்கச் செய்துவிடும். ஆண் 2, பெண் 4. குஞ்சு போட்டால் ஏஞ்சல் தின்னும் என்பதையும் முன்கூட்டியே சொன்னேன். பையன் யோசித்துவிட்டு, ஒளிக்க இடம் வைத்தால் கொஞ்சம் தப்பும்தானே என்றான். மிதக்கும் பாசிச் செடி ஒரு கைப்பிடி போட்டோம்.

அடியில் ஒன்றும் இல்லையே, வெறுமையாக இருக்கிறதே என்று தகப்பன் கேட்டார். வெறுமையாகவே இருக்கட்டும் என்றேன். ராங்க் கிளீனர் வந்தது இந்த எண்ணத்தால்தான்.

மொலி ஆறும் என்னிடம் இருந்துதான் போயின. என் மீன் என்பதற்காக நேரே விடவில்லை. மூன்று கிழமை பெரிய பிளாஸ்ரிக் தொட்டியில், வேறு வலை, வேறு வாளி. ஆறாம் நாள் ஒன்றின் வாலில் உப்புத் தூவியது போலப் புள்ளி. வெண்புள்ளி நோய். ஆனையிறவுக் கல்லுப்பு லீற்றருக்கு இரண்டு கிராம் கணக்கில், பாதி அன்றைக்கு, பாதி அடுத்த நாள் கரைத்து விட்டோம். மொலி உப்புத் தாங்கும் மீன் என்பதால் பயமில்லை. புள்ளி மறைந்த பிறகும் பன்னிரண்டு நாள் உப்பை எடுக்கவில்லை, ஏனென்றால் தோலில் இருந்து உதிர்ந்த ஒட்டுண்ணி அடியில் பெருகித் திரும்ப வரும், நீந்தித் திரியும் அந்தக் கட்டத்தில்தான் உப்பு அதைக் கொல்லும். நேரே தொட்டியில் விட்டிருந்தால் ஏஞ்சலுக்கும் வந்திருக்கும்.

ஒக்ரோபர் கடைசியில் மொலியை விட்டோம். விளக்கை அணைத்து, கல்லையும் செடியையும் இடம் மாற்றி வைத்த பிறகு விட்டோம், இது என் இடம் என்று ஏஞ்சல் பிடித்து வைத்திருந்த மூலை குழம்பட்டும் என்று. முதல் நாள் பெரிய ஏஞ்சல் இரண்டு முறை விரட்டியது. மூன்றாம் நாள் ஒன்றும் இல்லை.

மாரி

நவம்பரில் மழை பிடித்ததும் கிணறு மேலே வந்தது. சோதித்தால் வன்மை 14 பாகை. அதே கிணறு, வேறு தண்ணீர். அதனால் மாற்றுவதைக் காற்பங்கில் இருந்து ஐந்தில் ஒன்றாகக் குறைத்தோம். ஒரு புயல் மழை இரவில் ஒன்பது மணி நேரம் கரண்ட் இல்லை. பையனும் தகப்பனும் மாறி மாறி எழும்பிச் சிரட்டையால் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றியிருக்கிறார்கள். ஒன்பது மீனும் பிழைத்தன. அந்தத் தொட்டியில் இருபத்தொன்று இருந்திருந்தால் பிழைத்திருக்காது.

பெப்ரவரி

இந்தப் பகுதியை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுத வேண்டும்.

பெப்ரவரி இரண்டாம் கிழமை இரண்டு ஏஞ்சல் சோடி சேர்ந்தன. பில்டர்க் குழாயை வாயால் துடைத்துத் துடைத்து வெள்ளையாக்கி, முத்து முத்தாக வரிசையில் முட்டை இட்டன. வீடே கொண்டாடியது. அன்றே மூன்றாவது ஏஞ்சல் மேல் மூலையில் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றது, முதுகுச் செட்டை கிழிந்து. கடிபட்டு நூல் வளர்ந்ததே, அதே ஏஞ்சல். தகப்பன் கேட்டார், “பிரிக்கவோ அக்கா?” நான், “ரெண்டு நாள் பாப்பம் தம்பி, முட்டை போனா அடங்கும்” என்றேன். மூன்றாம் நாள் விடிய அது இல்லை. முட்டையும் பூஞ்சணம் பிடித்து வெளுத்துப் போயிற்று.

ஆறு மாதம் ஒன்றாக இருந்தவை இனியும் இருக்கும் என்று நம்பினேன். வயதுக்கு வந்த மீனுக்குப் பழைய ஒற்றுமை கணக்கில்லை. மூன்று ஏஞ்சல் வாங்குவதே பிழையான எண்ணிக்கை. பெரிய தொட்டியில் ஆறோ எட்டோ குஞ்சாக வளர்த்துச் சோடி சேர்ந்ததும் மற்றவற்றை எடுக்க வேண்டும், அல்லது சிறிய தொட்டியில் சோடி மட்டும் வைக்க வேண்டும். மூன்று என்றால் ஒன்று மிஞ்சும்.

ஒரு வருடம் முடிந்தபோது

ஏஞ்சல் 2. மொலி 5, ஒன்று வயது போய் இறந்தது. செடிக்குள் ஒளித்துத் தப்பி வளர்ந்த மொலிக் குஞ்சு 4. மாமர நிழலில் கோல்ட் பிஷ் 2, விலாவில் செதில் திரும்ப மூடிவிட்டது. முதல் நாள் விட்ட நியோன் ஒன்றும் இல்லை. சோடி இரண்டு கிழமைக்கு ஒருக்கால் முட்டை இடும், இரவில் மொலி தின்றுவிடும். குஞ்சு எடுக்க வேண்டுமென்றால் தனித் தொட்டி வேண்டும், இப்போதைக்கு அவர்களுக்கு அந்த எண்ணம் இல்லை.

திரும்பச் செய்வதென்றால்

வெறும் தொட்டியை ஒரு மாதம் ஓட விட்டு, சிட்டிகை சாப்பாடு போட்டுப் பற்றீரியாவை ஊன்ற வைத்து, அதன் பிறகுதான் கடைக்குப் போகச் சொல்வேன். பத்து வயதுப் பிள்ளைக்கு ஒரு மாதம் நீளம்தான். அந்த ஒரு மாதம் கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்கவும் கொப்பியில் கோடு போடவும் இருக்கிறது.

இந்தத் தண்ணீருக்கு நியோன் வாங்கவே விட மாட்டேன். கூட்டமாகச் சிறுமீன் வேண்டும் என்று ஆசைப்பட்டால் ஏஞ்சலை விட்டுவிட்டுக் கப்பி மட்டும் இருபது. அதுவும் வடிவுதான், ஒரு சண்டையும் இல்லை.

எந்தத் தொட்டி வாங்கினாலும் கூடவே ஒரு தடுப்புக் கண்ணாடி வெட்டி வாங்கி வைக்கச் சொல்கிறேன், தொட்டியின் உள் அகலத்துக்கு அளந்து. பெப்ரவரிக்குப் பிறகு நான் போகும் வீடுகளுக்கெல்லாம் இதைச் சொல்கிறேன். அந்த விசுவமடு வீட்டில் இப்போது அலுமாரிக்குப் பின்னால் பழைய சாரத்தில் சுற்றியபடி ஒன்று நிற்கிறது. வெட்டக் கொடுத்த அளவு கொப்பியில் மூன்றாவது ஏஞ்சலின் பக்கத்திலேயே பையனின் கையெழுத்தில் இருக்கிறது.